குமிழி நின்றால்

தண்ணீருக்கடியில் அம்மா மௌரீன் மாஸ்க்கைக் கழற்றிய மறு நிமிடமே லவினா அவள் தோளைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.

"மறுபடியும் மூச்சப் புடிச்சிட்ட, மம்மி."

"இல்லடி. விட்டுட்டுதான் இருந்தேன்."

"குமிழி வரல. வரலன்னா மூச்சு விடலன்னு அர்த்தம். இதுல பொய் சொல்ல முடியாது."

"பெத்தவளப் பொய்க்காரின்ற."

"வாத்தியாரா சொல்றேன்."

மௌரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீச்சல் குளத்தில் ஆழம் குறைந்த பக்கம்தான். எழுந்து நின்றால் தண்ணீர் மார்பளவு. ஆனால் எழுந்து நிற்காமல் இருப்பதுதான் பாடம். அடியில் முட்டி போட்டு மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். சிலிண்டரிலிருந்து காற்றைத் தரும், வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் வழியாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மாஸ்க்கை மாட்டி, மூக்கால் ஊதி, உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். காலையிலிருந்து அவள் ஒருமுறையும் அதை முடிக்கவில்லை.

"ஆன்ட்டி, டீ சொல்லவா?" என்றான் கரையில் உட்கார்ந்திருந்த டேரில். கடலடி நீச்சல் சொல்லித்தரும் இந்த ஸ்கூபா பள்ளி அவனுடையது. குளத்தில் மாஸ்க் கழற்றி மாட்டாதவர்களைக் கடலில் இறக்குவதில்லை என்பது அவன் சட்டம். அவர்கள் படகு வரைக்கும் மட்டும் வரலாம்.

படகில் உட்கார்ந்து காத்திருப்பதும் ஜோகுபாளையத்து வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதும் மௌரீனுக்கு ஒன்றுதான். பேங்க் வேலையை விட்டுவிட்டு லவினா ஸ்கூபா சொல்லித்தரும் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். மகள் கடலில் இறங்கும் நாளில் போன் வரும்வரை அடுப்பில் எதை வைத்தாலும் தீய்ந்துபோகும். அடுத்த வாரம் லவினா அந்தமானுக்குப் போகிறாள். சீசன் முடியும்வரை அங்கேதான்.

"நானும் வந்து ஒருவாட்டி கடல்ல இறங்கறேன்," என்று மௌரீன் சொன்னபோது வீட்டில் அவள் கணவர் ஓஸ்வால்ட் பேப்பரை இறக்கவே இல்லை. "அல்சூர் ஏரியவே நீ பஸ்ஸுலேர்ந்துதான் பாத்திருக்க," என்றார்.

"நீ எங்க போறேன்னு கண்ணால பாத்துட்டேன்னா போதும்," என்று மகளிடம் சொல்லியிருந்தாள். "அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

இன்றுதான் குளத்தில் கடைசி நாள். அடுத்தது கடல்.

"மாஸ்க் கழட்டினதும் உள்ளுக்குள்ள என்ன பண்ற?" என்று கேட்டாள் லவினா.

மௌரீன் தயங்கினாள். "அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்றேன்."

"மனசுக்குள்ளதான?"

"மனசுக்குள்ளதான். ஒரே மூச்சுல."

லவினா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் நடந்தாலும் ஜெபமாலையை முன்நின்று சொல்வது மௌரீன்தான். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை அவள் சொல்ல, மற்றவர்கள் அடுத்த பாதியைச் சொல்வார்கள். தன் பாதியை மூச்சு விடாமல் முடிப்பது அவள் வழக்கம். மௌரீன் அக்கா சொன்னால் குக்கர் விசில் அடிப்பதற்குள் ஜெபமாலை முடிந்துவிடும் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

"கீழ பதில் சொல்ல ஆள் இல்லியே," என்றாள் மௌரீன். "அதான் ரெண்டு பாதியும் நானே சொல்லிடறேன்."

"நடுவுல மூச்சு விட்டா என்ன?"

"ஜெபத்த நடுவுல நிறுத்தறதா?"

டேரில் சிரித்துவிட்டான். லவினா சிரிக்கவில்லை.

"மூச்சப் புடிச்சிக்கிட்டே மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும், மம்மி. கடல்ல உன் குமிழி நின்னுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று மௌரீனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சரி," என்றாள் லவினா. "முதல் பாதி நீ சொல்லு, மூச்ச இழுத்துக்கிட்டே. அடுத்த பாதி நான் சொல்றேன். அப்ப நீ விடு."

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"கோயிலுக்கு வரலன்னா மறந்துடுமா?"

இருவரும் மூழ்கினார்கள். மௌரீன் மாஸ்க்கைக் கழற்றினாள். குளிர்ந்த தண்ணீர் மூக்கில் அறைந்தது. கண்ணைத் திறந்தால் எரிச்சல். எதிரே மகள் ஒரு கறுப்பு நிழல். மௌரீன் தொடங்கினாள். மூச்சை இழுத்தாள். தன் பாதி தொடங்கிவிட்டது என்பதுபோல் லவினாவின் விரல்கள் அவள் மணிக்கட்டில் மெல்ல அழுத்தின. விட்டாள். குமிழிகள் கடகடவென்று காதை உரசிக்கொண்டு ஏறின. மறுபடி இழுத்தாள். மறுபடி விரல்கள். எந்த வார்த்தையில் இருக்கிறோம் என்பது அவளுக்குத் தவறிப்போயிற்று. குமிழிகள் தவறவில்லை.

மாஸ்க்கை மாட்டி மூக்கால் ஊதினாள். பாதித் தண்ணீர்தான் போனது. இன்னொரு தடவை ஊதினாள். மகளின் முகம் தெளிந்தது. லவினா அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் தலைக்கு மேலே போகிற குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வந்ததும் டேரில், "ஆன்ட்டி பாஸ்," என்றான்.

மௌரீன் இருமி முடித்தாள். மகளிடம் திரும்பினாள்.

"கடல்ல உன் குமிழிய யாருடி பாப்பாங்க?"

"ஜோடியாத்தான் போவோம், மம்மி. கூட வர்றவங்க பாப்பாங்க."

"நாம ரெண்டு பேரும் போறப்ப?"

"நீதான் பாக்கணும்."

மௌரீன் தன் மாஸ்க்கை முகத்தில் சரியாகப் பொருத்திக்கொண்டாள்.

"அப்ப மாஸ்க்க நீ கழட்டு," என்றாள். "நான் பாக்கறேன்."