மரவண்டித் தடம்

சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் ஜல்லியில் புதைந்து நின்றபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் அவளுக்கு ஒரு நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்பு வந்துவிட்டது.

அச்சகத்தில் பிழைதிருத்துகிறவள் அவள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்ப் பதினொரு வருடம். காட்டுக்குள் வனத்துறை புதிதாகப் போட்டிருந்த ‘எல்லோருக்குமான பாதை’யை அடுத்த வாரம் திறக்கப்போகிறார்கள். அதற்குமுன் சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் போய்ப் பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் எல்லோரும் அவளைத்தான் கைகாட்டுவார்கள். இந்த வருடத்தில் இது நாலாவது. எல்லா இடத்திலும் கட்டி முடித்த பிறகுதான் கூப்பிட்டார்கள். அச்சடித்து, தைத்து, அட்டையும் ஒட்டிய புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்பது மாதிரி.

நுழைவாயிலிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க வளைத்து வைத்திருந்த இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நாற்காலியும் நுழையவில்லை. பக்கத்துக் கதவுக்குச் சாவி அலுவலகத்தில் இருந்தது. வனக்காவலர் நடந்துபோய் எடுத்துவந்தார். இப்போது இந்த ஏற்றம்.

பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த கணவர் மூச்சு வாங்கினார். பேருந்து ஓட்டுநர். இதற்காகவே லீவு போட்டிருந்தார்.

“இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன், இது ஃபர்ஸ்ட் கியர் ஏத்தம்.”

அவள் அளவுநாடாவை அவரிடம் கொடுத்து அளக்கச் சொன்னாள். ஏழடி போனால் ஓரடி ஏறியது. ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும்.

“இந்த இடம் ஒண்ணுதான் மேடம் இப்படி,” என்றான் பாதையைக் காட்டக் கூடவே வந்திருந்த வனத்துறைப் பொறியாளன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். “ஆபீஸ்ல நாலு பேர் இருக்காங்க. அலாக்காத் தூக்கி மேல வெச்சிடலாம்.”

பதினொரு வருடமாகத் தூக்கியிருக்கிறார்கள். வங்கிப் படியில், கல்யாண மண்டபத்தில், ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில். அக்குளில் யாரோ கைகொடுப்பார்கள், உடுப்பு ஏறிக்கொள்ளும், ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். கடைசியில் அவள்தான் எல்லோருக்கும் நன்றி சொல்வாள்.

“தூக்கிட்டுப் போனா அது பாதை இல்ல தம்பி, பல்லக்கு.”

“தேதி குறிச்சாச்சு மேடம். பிளான் போட்டது எனக்கு முன்னால இருந்தவர்...”

அவள் படிவத்தை வாங்கி, நுழைவாயிலின் அகலம், ஏற்றம், ஜல்லி என்று வரிசையாக எழுதி, கீழே ‘தனியாக வர இயலாது’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். பொறியாளனின் முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

சாவி கொண்டுவந்த வனக்காவலர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. காடு முழுக்க நடந்தே திரிகிறவர் என்பதால் அவரை எல்லோரும் ‘ஒற்றையடி’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“அந்தப் பக்கம் பழைய மரவண்டித் தடம் இருக்கு சார். வெட்டின மரத்தை மாட்டு வண்டியில ஏத்திட்டு வருவாங்க. மாடு இழுக்கணுமில்ல? அதனால ஏறுறதே தெரியாம, குன்றைச் சுத்திச் சுத்திப் போட்டிருக்காங்க.”

“மேப்புல அப்படி ஒண்ணும் இல்லையே?”

“மேப்புல நானுந்தான் இல்ல சார்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களால முடியுமா?”

“நான் டிரைவர். பாசஞ்சர் சொல்ற இடத்துக்குத்தான் வண்டி போகும்.”

போனார்கள். வண்டிகள் ஓடி ஓடி இறுகிய மண். மேலே சருகு. முதல் வளைவு தாண்டியதும், “கையை எடுங்க, நான் பார்த்துக்கறேன்,” என்றாள். சக்கரங்களை அவளே உருட்டினாள். தோள் வலித்தது; ஆனால் நாற்காலி போயிற்று. கணவர் பின்னாலிருந்து பக்கத்துக்கு வந்தார். சேர்ந்து வெளியே போகிறபோதெல்லாம் அவருடைய குரல்தான் அவளுக்குத் துணை. முகம் பின்னால் இருக்கும். இப்போது கழுத்தைத் திருகாமலே அவரைப் பார்க்க முடிந்தது. அவர் இடதுகாலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார்.

“எப்பலேருந்து இப்படி நடக்கறீங்க?”

“எப்படி?”

“காலைச் சாய்ச்சு.”

“அது ஒரு ரெண்டு வருஷமா இருக்கு. முட்டி.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னா நீ வெளியவே வரமாட்டே.”

அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

அரைக் கிலோமீட்டர் போனதும் தடத்தின் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்து கிடந்தது. அறுக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார் ஒற்றையடி. கணவர் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அவள் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பொறியாளன் எதையோ குறித்துக்கொண்டே இருந்தான். பிறகு வந்த வழியே திரும்பினார்கள்.

திறப்பு விழா குறித்த தேதியிலேயே நடந்தது. ‘துணையோடு வருபவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு பலகை கூடுதலாக வைத்தார்கள். அவள் எழுதிய அறிக்கையால் ஆனது அவ்வளவுதான். மரவண்டித் தடத்தைச் சீராக்கலாம் என்று பொறியாளன் எழுதிய கடிதத்துக்கு, பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்ததாம். அதை அவனே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை.

நாலு மாதம் கழித்து ஒற்றையடி கூப்பிட்டார். “மரத்தை அறுத்தாச்சும்மா. அந்த இன்ஜினியர் தம்பி ‘விழுந்த மரம் அகற்றல்’னு ஒரு வரி எழுதி அனுமதி வாங்கிட்டான். பாதைன்னு எழுதினாத்தான் பரிசீலனையாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். வாரம் முழுக்கப் பாடப்புத்தகப் பிழைகளைத் திருத்தி அவளுக்குக் கண் எரிந்தது. கணவரின் முட்டியில் உறை போட்டிருந்தது. மரம் கிடந்த இடத்தைத் தாண்டி இரண்டு வளைவு வரைக்கும் நாற்காலியை அவளே உருட்டினாள். அங்கே கைகள் ஓய்ந்துபோயின. போதும், திரும்பலாம் என்றாள்.