இருமுவதற்கு ஒரு நேரம்

ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து மரைமான் வேட்டைக்கு விக்னராஜா எடுத்த நேரம் அது. மெல்பேர்ன் டண்டினொங்கில் அவன் வேலை செய்த தொழிற்சாலையில் அவனுக்கும் சிநேகிதன் சிறிக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது அந்த ஆடி மாதக் கிழமைதான்; அங்கே அது நடுக் குளிர்காலம். மலையுச்சியில் பனி கொட்டினால் மரைகள் பள்ளத்துக்கு இறங்கும் என்று துவக்குக் கடைக்காரன் சொல்லியிருந்தான். நிலவு காலத்தில் அவை இரவிரவாக மேய்ந்துவிட்டு விடியமுன் படுத்துவிடுமாம். ஆகவே அமாவாசையை ஒட்டிப் போகவேண்டும். வழிகாட்ட ஆளும் இல்லை, மோப்பம் பிடிக்க நாயும் இல்லை. அரசாங்கக் காடு; லைசென்ஸ் எடுத்த எவனும் போகலாம். எழுபத்தாறாம் ஆண்டில் மெல்பேர்னில் தமிழர் எத்தனை பேர்? அதில் மரை வேட்டைக்குப் போகிற முதல் வீரர்கள் தாங்கள்தான் என்று சிறி அத்தனை பேரிடமும் தமுக்கடித்து முடித்திருந்தான்.

புறப்படுகிற காலையில் மனைவி யோகா விக்னராஜாவைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"நான் முழுகாமல் இருக்கிறனப்பா."

மூன்றாவது முறை. முன்னைய இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை. காரணம் ஒன்றும் இல்லை என்று இரண்டு முறையும் டொக்டர் கையை விரித்துவிட்டார்.

"அப்ப நான் போகேல்லை."

"சிறியண்ணைக்கு என்னெண்டு சொல்லுவியள்? மூண்டு மாதம் முடியமுன்னம் வெளியில சொல்லக் கூடாது. போட்டு வாங்கோ. ஆனால் ஒரு உயிரையும் சுட்டுப்போடாதேங்கோ."

மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கையில் புருஷன் உயிர்க்கொலை செய்யக்கூடாது என்பது ஊர் நம்பிக்கை. பல்லி சொன்னால் பகிடி பண்ணுகிற விக்னராஜாவுக்கு இதற்குச் சிரிப்பு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினான்.

காடு குளிரில் விறைத்துப்போய்க் கிடந்தது. ஒரு மரையும் கண்ணில் படவில்லை. சிறி புறுபுறுத்தான், விக்னராஜாவோ உள்ளூரச் சந்தோஷப்பட்டான். கடைசி நாள் விடியலில் அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. பன்னச் செடிகளை விலக்கிக்கொண்டு, கொம்பு விரித்த ஆண் மரை ஒன்று ஓடைக்கரைக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. காற்றும் எதிர்க்காற்று. துவக்குக் கடைக்காரன் சொன்னதெல்லாம் அச்சொட்டாகப் பலித்திருந்தது.

"சுடு," என்று சிறி காதுக்குள் சொன்னான். "சுடு மச்சான்!"

துவக்கு தோளில் ஏறிவிட்டது. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை! இன்னும் ஒரு நொடி போனால் விரல் தன் பாட்டில் இழுத்துவிடும் என்று அவனுக்கே பயம் வந்தது. தொண்டையைத் திறந்து பலமாக இருமினான். மரை காடதிரக் கத்திக்கொண்டு பாய்ந்து மறைந்தது.

"இருமுறதுக்கு ஒரு நேரம் பாத்தியே!" என்று சிறி தலையில் அடித்துக்கொண்டான்.

வீடு வரும்வரை அவன் வாய் ஓயவில்லை. பயந்தாங்கொள்ளி என்றான், உனக்கு எதுக்கடா துவக்கு என்றான். விக்னராஜா எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டு வந்தான். ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. அவனைப் போல நிம்மதியாக எவனும் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்க மாட்டான்.

கதவைத் திறந்தது யோகா அல்ல, பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி அன்ரி.

"நேற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனாங்கள், தம்பி. காட்டுக்குள்ள உங்களுக்கு எப்பிடி அறிவிக்கிறது? இப்பதான் கூட்டிக்கொண்டு வந்தனான்." அன்ரி கண்ணைத் துடைத்தார். "இதுவும் நிக்கேல்லை."

விக்னராஜா துவக்கைக் கதவோரம் சாத்தினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். அதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வது?

யோகா கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவன் பக்கத்தில் போய் இருந்ததும் திரும்பினாள்.

"இந்த முறையும் ஒரு காரணமும் இல்லையாம். டொக்டர் சொல்லுறார்." அவன் கையைப் பிடித்தாள். "காரணமே இல்லையெண்டால், இன்னொருக்கால் நான் எதை நம்பிச் சுமக்கிறது?"

அவள் பிடியை இறுக்கினாள்.

"நீங்கள் சுட்டனீங்கள்தானே? சொல்லுங்கோ. சுட்டனீங்கள்தானே?"

அவள் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இல்லை என்ற சொல் அவன் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவளிடம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது.

"சுட்டனான்," என்றான். "காயத்தோட ஓடிட்டுது."

யோகா எழும்பி இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் குத்தினாள். குத்திக் குத்திக் களைத்து, அவன் மேலேயே சாய்ந்து அழுதாள். வெகுநேரம் கழித்து அழுகை ஓய்ந்தது.

"அப்ப, நீங்கள் இனிச் சுடாமல் இருந்தால் அடுத்தது தங்கும், என்னப்பா?"

"ஓம்," என்றான் விக்னராஜா. "தங்கும்."