ஆறு திருகாணிகள்

செஞ்சியில் காஸ்பருக்குச் செவிட்டுக் காஸ்பர் என்று பேர் விழுந்து சரியாக ஒரு வருஷம். வைத்த புண்ணியவான் ஆரோக்கியநாதன். அதையும் வீட்டு மூலையில் சொல்லவில்லை. அறுபத்தாறாம் வருஷம், ஈஸ்டர் பாஸ்கா விடியற்காலையில், கோயில் மைதானத்தில் ஜனம் நெருக்கியடித்து நிற்கும்போது மைக்கில் சொன்னான்.

ஆரோக்கியநாதன் ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தான். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து திரும்பிய அவன் மச்சான் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கிதார் கொண்டுவந்து கொடுத்தான். அதை வாசித்தவன் காஸ்பர். பகலில் ரைஸ் மில்லில் ஃபிட்டர், சாயங்காலம் கிதார்.

அந்தக் கிதாரில் தந்திகள் வந்து முடிகிற இடத்தில் ஒரு இரும்புத் தகடு. அதன் முன்விளிம்பை ஆறு திருகாணிகள் பலகையோடு பிடித்திருக்கும். பின்பக்கம் ஐந்து ஸ்பிரிங்குகள் இழுத்துக் கட்டியிருக்கும். தகட்டில் ஒரு கம்பிப் பிடி. அதை அமுக்கினால் தகடு சாய்ந்து, தந்திகள் தளர்ந்து, சுரம் அழுகிற மாதிரி இறங்கும். கையை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். அங்கேதான் அன்றைக்கு மோசம் போனது. காஸ்பர் அமுக்கினான், சுரம் இறங்கியது, திரும்பி வரும்போது பாதி வழியிலேயே நின்றுகொண்டது. ஆறு தந்தியும் அபசுரம். ஆர்மோனியம் ஒரு பக்கம், கிதார் ஒரு பக்கம்.

அதில் அவனுக்குத் தீராத வயிற்றெரிச்சல் என்னவென்றால், எந்தக் குறையும் வரக்கூடாதென்று முதல்நாள்தான் ஆறு திருகாணியையும் மில் போல்ட்டை முறுக்குவதுபோல முறுக்கி வைத்திருந்தான். லூசான போல்ட்டு மெஷினைத் தின்றுவிடும். ஃபிட்டருக்கு இது தெரியாதா என்ன? அவ்வளவு பக்குவம் பார்த்தவனைத்தான் ஆரோக்கியநாதன் பாட்டை நிறுத்தி, "காஸ்பருக்குக் கைதான் உண்டு, காது கிடையாது. மன்னிச்சுக்குங்க" என்று மைக்கில் சொன்னான். ஊர் சிரித்தது. கிதாரையும் பிடுங்கிக்கொண்டு, அன்றிலிருந்து தானே வாசித்தான். அடுத்த வாரமே குழாயடியில் ராயம்மாளை "செவிடன் பொண்டாட்டி, நவுரு" என்றார்கள். அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து புருஷனும் பொண்டாட்டியும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ஆரோக்கியநாதன் நாசமாய்ப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

இந்த வருஷம் பெரிய வியாழன் சாயங்காலம் ஆரோக்கியநாதன் கிதாரோடு வாசலில் வந்து நின்றான். வெட்கம் மானம் இருக்கிறவன் வருவானா?

"காஸ்பரு, பழச மனசுல வெச்சிக்காத. அந்தப் பிடி எங்கியோ தொலைஞ்சிபோச்சு. ஒரு வருஷமா அது இல்லாமலே ஓட்டிட்டேன். இப்ப திண்டிவனம் செட்டு இழுத்து இழுத்து வாசிக்குது. ஜனங்க அதான் கேக்குது. புதுசா ஒண்ணு பண்ணிக் குடு. உன்ன விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"வெச்சிட்டுப் போ. சனிக்கிழமை தரேன்" என்றான் காஸ்பர்.

அவன் தலை மறைந்ததும் ராயம்மாள் வந்தாள். "இன்னாய்யா, செஞ்சா குடுக்கப்போற?"

"செஞ்சிதான் குடுப்பேன். நான் நின்ன எடத்துல அவன் நிக்கணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்க் காபி போட்டு எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

காலமும் அவனுக்குத் தோதாக வாய்த்தது. பெரிய வியாழன் பூசையில் மணி அடங்கினால் பாஸ்கா பூசையில் திரும்ப அடிக்கிறவரை கோயிலில் மரக்கட்டையைத் தட்டுவதுதான். வீடுகளிலும் யாரும் ஒரு வாத்தியத்தைத் தொடமாட்டார்கள். கொடுத்ததை ஆரோக்கியநாதன் வாசித்துப் பார்க்க வழியே இல்லை. பூசை முடிந்து, தேர் சுற்றி வந்து, விடிகிற நேரத்தில் மேடையில்தான் கிதாரின் முதல் சத்தம்.

மில்லில் ஒரு கம்பியை வளைத்து, முனையில் திருகுமரை போட்டு, பிடியை அழகாகவே செய்தான். பெரிய வெள்ளி அன்றைக்கு மத்தியானம் சிலுவைப்பாதைக்குப் போய் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். செய்கிற காரியத்துக்கு நாள் பார்த்தானே, பாவி. நடுவிலிருந்த நான்கு திருகாணிகளையும் ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தினான். ஓரத்து இரண்டையும் தகடு கழன்று விழாத அளவுக்கு இளக்கினான். பின்பக்கம் ஐந்து ஸ்பிரிங்கில் இரண்டைக் கழற்றினான். இறுக்கிக் கட்டியே திரும்பி வராத தகடு, இவ்வளவு லூசில் ஒரு அமுக்குக்குக்கூடத் தாங்காது. தந்தியைத் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. கையைத் தொடைக்குள் இடுக்கிக்கொண்டான். பழிவாங்குகிறவனாக இருந்தாலும் பெரிய வெள்ளியில் வாத்தியம் தொட அவனுக்கு மனசு வரவில்லை.

ஞாயிறு விடியல். ராஜகிரி மலைமேல் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. மேடையில் ஆரோக்கியநாதன் சுருதி சேர்த்தான். காஸ்பரும் ராயம்மாளும் முன்வரிசையிலேயே இடம் பிடித்திருந்தார்கள். அவன் முகம் கருகுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டாமா?

மாதா பாட்டின் நடுவில் ஆரோக்கியநாதன் பிடியை அமுக்கினான். சுரம் அழுதுகொண்டே இறங்கியது. கையை எடுத்தான். சுரம் ஏறி, புறப்பட்ட இடத்தில் அச்சாக வந்து நின்றது. ஜனம் ஓ என்று கத்தியது. தற்செயல் என்று நினைத்தான் காஸ்பர். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை, பிறகு ஆரோக்கியநாதன் ஆசை தீர அமுக்கிக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

காஸ்பருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தகடு ஆடுவதற்கென்றே செய்தது. இறுக்கினால் விளிம்பு சிக்கிக்கொள்ளும். இளக்கினால்தான் தங்குதடையில்லாமல் சாய்ந்து நிமிரும்.

"இன்னாய்யா, நீ ஒண்ணும் பண்ணலியா?" ராயம்மாள் பல்லைக் கடித்தாள்.

"திருகாணிய லூசாக்கினேன். அதான் இப்டி வருது."

"அப்ப போன வருஷம்?"

"டைட்டா இருந்தது."

"யாரு டைட் பண்ணது?"

அவள் அவனையே பார்த்தாள். "ஒரு வருஷமா அவன் குடும்பத்துக்கு மண்ண வாரித் தூத்திருக்கறேன்யா" என்று மட்டும் சொன்னாள்.

பாட்டு முடிந்ததும் ஆரோக்கியநாதன் மைக்கைப் பிடித்தான். "இத ரெடி பண்ணது நம்ம காஸ்பரு. போன வருஷம் அவனுக்கு ஒரு பேரு வெச்சேன். நானே அத எடுத்துக்கறேன். இனிமே அப்டி யாரும் கூப்பிடக்கூடாது. மேல வா காஸ்பரு."

காஸ்பர் வேண்டியதும் அதுதான், அந்தப் பேர் போகவேண்டும். அதை இவன் பிச்சையாகப் போடுகிறான். பக்கத்திலிருந்தவர்கள் அவனை எழுப்பி, தள்ளாத குறையாக மேடைக்கு அனுப்பினார்கள். ஆரோக்கியநாதன் அவன் தோளில் கை போட்டு, மைக்கை அவன் பக்கம் திருப்பினான். "இன்னா வித்தை பண்ண, சொல்லு."

"உன்ன இங்க அசிங்கப்படுத்தணும்னுதான் எல்லாத்தையும் லூசாக்கினேன்" என்றான் காஸ்பர். "அது சரியாயிடுச்சு."

வேடிக்கைக்குச் சொல்கிறானென்று மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆரோக்கியநாதன் மட்டும் சிரிக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.