உள்ளே வெட்டிய அகழி

இங்கிலாந்தின் டார்பிஷயரில் எங்கள் ஊர் மேட்டுக்கு ரோமானியர் கோட்டை என்று பெயர். ஒவ்வோர் ஆகஸ்டிலும் தகரத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அதைச் சுற்றி ஊர்வலம் போவோம். முன்னால் ஹெட்லி. ஆடு மேய்ப்பவன், ஆனால் அன்று அவன்தான் தளபதி.

நிலத்தை வாங்கிய கல்குவாரிக்காரர்கள், அது வெறும் பழைய மாட்டுப்பட்டி என்றார்கள். அப்படி முடிவானால் மேட்டை வெடிவைத்துத் தூளாக்கிவிடுவார்கள். கோட்டைதான் என்று அளந்து காட்ட வேண்டியது நில அளவைக்காரியான என் பொறுப்பு.

பிப்ரவரியில் புல் குட்டை, வெயில் சாய்வு. சின்ன மேடுபள்ளமும் தப்பாது. ஹெட்லி அளவுகோல் பிடித்தான். குவாரி மேலாளர் ராயில் கைகட்டி வேடிக்கை பார்த்தார்.

பழைய வரைபடத்தில் அகழி, மேட்டைச் சுற்றிய மண்கரைக்கு வெளியே இருந்தது. கோட்டை என்றால் அப்படித்தானே? தலைமுறை தலைமுறையாக அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேட்டைப் பார்த்தோம். படத்தில் இருந்ததே கண்ணுக்கும் தெரிந்தது.

இப்போது கருவி வேறு கதை சொன்னது. வெளியே பள்ளமே இல்லை. அகழி உள்ளே இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

ராயில் சிரித்தார். "கோட்டைக்காரன் எவனாவது குழிய உள்ள வெட்டுவானா மேடம்? எதிரி வர்றதுக்குள்ள இவனுங்களே விழுந்து செத்திருப்பானுங்க!"

ஹெட்லியின் முகம் செத்துவிட்டது. "அப்போ இத்தன வருஷமா மாட்டுப்பட்டியச் சுத்தியா தகரத்தப் போட்டுக்கிட்டு நடந்தேன், எனிட்?" என்று என்னிடம் கேட்டான்.

நான் கரைமேல் ஏறிப் பார்த்தேன். எதிரும் புதிருமாக இரண்டு வாசல்கள். நடுவில் சமதளம். சட்டென்று பிடிபட்டது.

"உள்ள குழி வெட்டி எவன்யா மாடு அடைப்பான்? காலொடிஞ்சுல்ல கெடக்கும்! இது கோட்டையும் இல்ல, பட்டியும் இல்ல. நம்ம நாட்டுல அங்கங்க இருக்கே, சனங்க கூடிச் சாமி கும்பிட்ட வட்டம், அது. இந்த மாதிரி கட்டுறத ரோமானியர் வர்றதுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே விட்டுட்டாங்க."

ராயிலின் சிரிப்பு நின்றது.

"ரோமானியன் வந்தப்பவே இது பழசா?" என்றான் ஹெட்லி.

"அவனே வந்து வாயப் பொளந்து பாத்திருப்பான்."

அரசு ஆய்வாளர்கள் வந்து தோண்டிப் பார்த்து அதையே சொன்னார்கள். மேடு பிழைத்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஆகஸ்டில் வாசலருகே ஊர்வலம் நின்றது. ஹெட்லி தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் போட்டான்.

"படையெடுத்து வந்தவன் வேஷம் நமக்கெதுக்கு? கட்டினது நம்மாளுங்க."

சேறு படிந்த பூட்ஸோடு, நரைத்த வெறுந்தலையோடு, அவன் முதல் ஆளாக உள்ளே நடந்தான்.