தேய்மானம்

மச்சினனின் வீட்டுக் கேட்டில் வண்டியைக் கொண்டுபோய் மோதிய அன்று, விழுந்த இடத்திலிருந்தே அவர் சொன்ன முதல் வார்த்தை, “பிரேக் பிடிக்கல.” அதன் பிறகு அதை மாற்றிச் சொல்ல வாய்ப்பே வரவில்லை. கேட் புதுசு. பெயிண்ட்கூடச் சரியாகக் காயவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள், வாயைத் திறக்கவில்லை. சொந்தபந்தம் எல்லாம் பிரேக்கைத் திட்டியது. மச்சினன் ஒரு படி மேலே போய்ப் புது பிரேக் பேடுகளை வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தானே வந்து மாட்டித் தருவதாகச் சொல்லிவிட்டான்.

உண்மை வேறு. அன்று அவர் ஏதோ யோசனையில் இருந்தார். கேட் வருவது தெரிந்தது. கை பிரேக்குக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

மச்சினன் பிரித்துப் பார்த்தால் மானம் போய்விடும். ஆகவே ஞாயிறு காலை, அவன் வருவதற்குள் வேலையை முடித்துவிட நினைத்து, ஸ்பேனரோடு கொல்லையில் உட்கார்ந்தார். முன்சக்கரத்து டிஸ்க்கைக் கவ்வியிருந்த காலிப்பரைக் கழற்றி, பேடுகளை வெளியே எடுத்தார். தேய்ந்த பேடில் நடுப்பள்ளம் மறைந்துவிடும். இவற்றில் அது வாய்க்கால் வெட்டியதுபோல் ஆழமாக இருந்தது, தேயவே இல்லை.

தூக்கி எறியவும் முடியாது. “பழசை எடுத்து வைங்க மாமா, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு நான் பாக்கணும்” என்று நேற்றுதான் போனில் சொல்லியிருந்தான்.

ஒரு பேடை எடுத்துச் சிமெண்டுத் தரையில் தேய்க்க ஆரம்பித்தார். பிரேக் பேட் என்பது தேய்வதற்கென்றே செய்த பொருள் என்று நினைத்திருந்தார். அப்படித் தெரியவில்லை.

மனைவி வந்து நின்றாள்.

“என்னங்க பண்றீங்க?”

“சுத்தம் பண்றேன்.”

குனிந்து, தரையில் கிடந்த இன்னொரு பேடைப் பார்த்தாள்.

“ஒண்ணை மட்டும் தேய்ச்சா எப்படி? இன்னொண்ணு புதுசு மாதிரி மினுங்குது. அவன் கண்ணுல அதுதான் முதல்ல படும்.”

அவர் கை நின்றது. “உனக்குத் தெரியுமா?”

“பின்னால உட்கார்ந்திருந்தது யாரு? கேட் வருது, கேட் வருதுன்னு கத்தினேன். நீங்க ‘ம்’னு சொன்னீங்க.”

அவள் மற்ற பேடை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் தேய்த்தார்கள். பிறகு அவர் பிஸ்டனை உள்ளே தள்ளி, புதுப் பேடுகளை மாட்டி, போல்ட்டை முறுக்கி, லீவர் கெட்டியாகும் வரை அமுக்கி அமுக்கி விட்டார்.

மச்சினன் வந்ததும் பழசைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“என்ன மாமா, இப்படிச் சொரசொரன்னு அரிச்சிருக்கு!”

“ரோடு அப்படிடா” என்றாள் மனைவி.

“இதுலயா அக்காவைக் கூட்டிட்டு வந்தீங்க? நல்லவேளை, கேட்டோட போச்சு. அன்னைக்கு நான்கூட உங்களைத்தான் சந்தேகப்பட்டேன் மாமா. மன்னிச்சிடுங்க.”

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்தான்.

“ஓட்டிப் பாருங்க” என்றான் மச்சினன்.

அவர் வண்டியைக் கிளப்பினார். கேட்காமலே மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்தாள்.

“யோசனையெல்லாம் வீட்டுக்கு வந்தப்புறம் வச்சுக்கலாம்.”