பீர் முஹம்மதுவின் விசில்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி இறங்க மாட்டேன் என்றது. தணிகாசலத்தின் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆறரை அடி மனிதருக்குக் கோட்டூர்புரத்தில் எங்கே போய்ப் பெட்டி தேடுவது?

"கால லேசா மடக்கலாங்களா?" என்றான் பெட்டிக்காரன்.

"அப்பா முட்டில ரெண்டு ஆபரேஷன். மடங்காது," என்ற கயலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தோடு அம்மா ஜோதிலட்சுமியும் சிரித்தாள். "பஸ்லயும் இப்டித்தான் கால நீட்டிக்கினு எல்லார்ட்டயும் திட்டு வாங்குவாரு."

வங்கி அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர், முட்டி போனதும் ஹவுசிங் போர்டு பெண்களுக்குக் கோச் ஆனார். வாங்கிய கோப்பைகளைவிட, நடுவரைத் திட்டி வாங்கிய டெக்னிக்கல் ஃபவுல்கள்தான் அதிகம். அதில் பாதியைக் கொடுத்தவர் பழைய கூட்டாளி பீர் முஹம்மது. நடுவர் சட்டையோடு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"'கண்ண வூட்ல வச்சிட்டு வந்தியாய்யா'ன்னு எத்தினி தபா கேட்டுக்கிறான்! இனிமே எவன் கேப்பான்?"

சாயங்காலம் இறுதிப்போட்டி. அதற்கும் அவர்தான் நடுவர். அணிப் பெண்கள் ஜெர்சியோடு வாசலில் நின்று விசும்பினார்கள். போகாவிட்டால் கோப்பை எதிரணிக்கு. போனால் கோச் இடத்தில் உதவிக் கோச் கயல்தான் நிற்க வேண்டும். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்ததோடு சரி, ஒரு நடுவரிடமும் அவள் குரல் உயர்த்தியதில்லை. நினைத்தாலே பயமாக இருந்தது.

"சாவு வூட்லேர்ந்து மேட்சுக்கா? ஊரு இன்னா சொல்லும்?" என்றார் சித்தப்பா சுப்புராயன்.

"மேட்ச் ஆடிட்டுத்தான் தாலி கட்டவே வந்தாரு உங்கண்ணன். சொல்ற ஊரு அன்னிக்கே சொல்லிட்ச்சி," என்றாள் ஜோதிலட்சுமி.

மேளம் கிளம்பியது. தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். ஆண்கள் சுடுகாட்டுப் பக்கம் போனார்கள். அதுவரை தோள் கொடுத்த பீர் முஹம்மது, சுப்புராயனிடம் தோளை மாற்றிவிட்டு மைதானத்துக்கு நடந்தார். கயல் தயங்கி நின்றாள்.

"நின்னுக்கினு கீறியே! மேட்ச் முடிஞ்சி வந்து தலைக்கு ஊத்திக்க, போ!" என்று அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், கூடைக்குத் தாவிய கேப்டனின் கையில் எதிரணிப் பெண் பட்டென்று அடித்தாள். விசில் வரவில்லை. ஓடிக்கொண்டே பீர் முஹம்மது பழக்கதோஷத்தில் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சத்தமே இல்லை. அவர் ஓட்டம் தளர்ந்தது.

கயல் எழுந்து கோட்டோரம் வந்தாள்.

"யோவ் மாமா! கண்ண வூட்ல வச்சிட்டு வந்தியாய்யா?"

மைதானமே திரும்பிப் பார்த்தது. பீர் முஹம்மது விசில் ஊதினார். ஒரு ஃபவுலுக்கு அவ்வளவு நேரம் ஊதத் தேவையே இல்லை.

"டெக்னிக்கல்," என்றார். "கோச்சுக்கு."

நிமிர்த்திய ஒரு கையின் விரல்நுனிமேல் மறு உள்ளங்கையைக் கிடத்தி 'T' எழுத்துப்போலக் காட்டும் அந்தச் சைகையை, எதிரணி ஃப்ரீ த்ரோ போடப் பந்தோடு வந்து நின்ற பிறகும் அவர் இறக்கவில்லை.