ஆசைப்படாத ஃபுளோரின்

1

‘அணு எலக்ட்ரானை விரும்புகிறது’ என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. அந்த வரியின் மேல் வந்த கோபத்தில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். தனியாகக் கோபப்பட அலுப்பாக இருந்ததால் ஒரு பெண்ணை உண்டாக்கினேன். பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி அடுக்குபவள். வேதியியலில் இரண்டு முறை தோற்றவள். நாளைய தேர்விலும் தோற்றால் செவிலியர் படிப்பில் அவளுக்கு வைத்திருக்கும் இடம் போய்விடும்.

அவளுக்குப் பிடிபடாதது இதுதான். லித்தியத்தில் மூன்று எலக்ட்ரான்கள், ஃபுளோரினில் ஒன்பது. கூட்டம் அதிகமுள்ள ஃபுளோரின் ஏன் லித்தியத்தைவிடச் சின்னதாக இருக்கிறது? போதாததற்கு, அடுத்த அணுவின் எலக்ட்ரானையும் ஏன் இழுக்கிறது?

2

வேலை முடிந்து அவளை அழைத்துப்போக வந்த தங்கை, நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“ஃபுளோரினுக்கு வெளிவட்டத்துல எட்டு எலக்ட்ரான் வேணும்னு ஆசைக்கா. அப்படியே எழுதிட்டு வா.”

“ஆசைப்பட்டா கிடைச்சுடுமாடி? நானும்தான் ரெண்டு தடவை ஆசைப்பட்டேன். பாஸ் ஆனேனா?”

“உன்கூட பேசுறதுக்குப் பல்லைப் புடுங்கிக்கலாம்.”

“வாயைத் திற. இடுக்கி கையிலதான் இருக்கு.”

3

அப்போது டாக்டர் கதவைத் திறந்து, கனிவாக

(இந்த வரியை அடித்துவிட்டேன். டாக்டர் விளக்கினால் விடை டாக்டருடையதாகிவிடும். அவள் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். என்னிடமும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.)

அவள் இரண்டு தட்டுகளை எடுத்துப் பஞ்சு உருண்டைகளால் அணு செய்தாள். நடுவில் கருவுக்கு ஒன்று. உள்வட்டத்தில் இரண்டிரண்டு. வெளியே, லித்தியத்துக்கு ஒன்று, ஃபுளோரினுக்கு ஏழு. முறைத்துப் பார்த்தாள்.

“அடியே, நடுவுல பாரு!”

“என்ன, பஞ்சுதானே?”

“ரெண்டுக்கும் ஒரே ஒரு பஞ்சு வச்சிருக்கேன். இதுல மூணு புரோட்டான், அதுல ஒன்பது. இத்தனை நாளா இழுபடுறதை எண்ணினேனே தவிர, இழுக்கிறதை எண்ணவே இல்லை!”

4

அவள் பாஸா, ஃபெயிலா? சொல்ல மாட்டேன். விடைத்தாள் கீழே இருக்கிறது. மார்க் போடுவது உங்கள் பொறுப்பு. ‘விரும்புகிறது’ என்று எழுதாததற்காகக் குறைத்தால் மட்டும் சண்டைக்கு வருவேன்.

விடை: இரண்டு அணுக்களிலும் வெளி எலக்ட்ரான்கள் இரண்டாம் கூட்டில், அதாவது இரண்டாம் வட்டத்தில்தான் உள்ளன. உள்கூட்டிலுள்ள இரண்டு எலக்ட்ரான்கள், கருவின் இழுப்பில் ஏறக்குறைய இரண்டு புரோட்டான்களின் பங்கை மறைக்கின்றன. மிச்சம் லித்தியத்தில் ஒன்று, ஃபுளோரினில் ஏழு. ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று குறைவாகவே மறைக்கின்றன. ஆகவே ஃபுளோரினின் கரு தன் எலக்ட்ரான்களை நெருக்கி இழுக்கிறது, அணு சிறுத்துவிடுகிறது. அணு சிறியதாக இருப்பதால் பக்கத்து அணுவின் எலக்ட்ரானும் அந்தக் கருவுக்கு அருகே வர முடிகிறது. அதனால் அதையும் பலமாக இழுக்கிறது.